தீக்குள் முதலில் போனவருக்குப் பாராட்டு, சரி. கயிறு பிடித்தவருக்கு?

#1 ஆற்காட்டான் | ஏப்ரல் 14, காலை 9:12

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. மாங்காய்ப் பச்சடி ஆச்சா?

காலையில் பால் வாங்கப் போனபோது எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சின்னதாக ஒரு பந்தல். உள்ளே மலர் வளையம், சீருடையில் வரிசையாக ஏழெட்டுப் பேர். புத்தாண்டுக்கு எதற்கு மலர் வளையம் என்று விசாரித்தால், இன்று தீயணைப்போர் தினமாம். 1944-ல் இதே நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் எரிந்தது. ஒரே கப்பலில் பஞ்சும் வெடிமருந்தும். அணைக்கப் போன தீயணைப்போரில் 66 பேர் அங்கேயே போய்விட்டார்கள். நாற்பது வருடமாக இந்த நிலையத்தைத் தாண்டித்தான் போய் வருகிறேன், இது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நினைவுக்கு வந்தது டெல்லி ராஜேஷ் சுக்லா. 2019 டிசம்பர் 8, ஞாயிறு விடியற்காலை, அனாஜ் மண்டியில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. பை, தொப்பி தைக்கும் பட்டறைகள். வேலை செய்தவர்கள் ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 43 பேர் செத்தார்கள். அந்தத் தீக்குள் முதலில் நுழைந்தவர் சுக்லா. சுமார் 11 பேரை வெளியே கொண்டுவந்தார். எலும்பில் அடிபட்ட பிறகும் வேலையை விடவில்லை. அன்றைய டெல்லி அமைச்சர் சத்யேந்தர் ஜெயின் ஆஸ்பத்திரிக்கே போய் அவரைப் பார்த்துவிட்டு, 'உண்மையான ஹீரோ' என்று ட்விட்டரில் எழுதினார். நாடு முழுக்க அந்தப் படம் சுற்றியது.

என் கேள்வி இதுதான். இப்படிப்பட்டவர்களை நாம் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறோம்? உங்களுக்குத் தெரிந்த தீயணைப்போர் யாராவது உண்டா? எழுதுங்கள்.

#2 சந்தேகப்பேர்வழி | காலை 9:40

வருத்தப்படாதீர்கள், மனதில் பட்டதைக் கேட்கிறேன். அது அவர்கள் வேலைதானே? சம்பளம் வாங்குகிறார்கள். பஸ் டிரைவர் தினமும் அறுபது பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், அவருக்கு யார் பதக்கம் கொடுக்கிறார்கள்?

#3 மணிமேகலை கோவை | காலை 9:58

பஸ் டிரைவருக்கும் கொடுக்கலாமே சார். இவருக்குக் கொடுத்தால் அவருக்குக் குறைந்துவிடுமா?

#4 கரோல்பாக் தமிழன் | காலை 10:31

ஆற்காட்டான் அண்ணே, நான் இங்கே 22 வருடமாக இருக்கிறேன். அனாஜ் மண்டி இருக்கும் ராணி ஜான்சி ரோடு எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. அனாஜ் மண்டிப் பக்கம் பழைய சாமான் வாங்கப் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தச் சந்தில் எதிரே ஒருவன் சைக்கிளில் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலைக்கு மேலே கறுப்பாகச் சடை சடையாக மின் வயர், கேபிள் வயர். நிமிர்ந்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரியும். அதற்குள் தீயணைப்பு வண்டி எப்படி வரும்? அன்றைக்கு முப்பது வண்டிக்குக் கிட்டத்தட்ட வந்தன, ஆனால் பெரும்பாலானவை மெயின் ரோட்டில்தான் நின்றன. ஆட்கள்தான் குழாயை இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். காப்பாற்றியவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு அதே சந்து வழியாகத் திரும்பி வந்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் ஆட்டோக்களிலும் ஏற்றி அனுப்பினார்கள்.

ஜன்னலில் இரும்புக் கம்பி, அதை அறுத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. படிக்கட்டில் சரக்கு மூட்டை. கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறைத் தடையில்லாச் சான்றே கிடையாது. செத்தவர்களில் பெரும்பாலானோர் நெருப்புப் பட்டுச் சாகவில்லை, புகையில் மூச்சு முட்டித்தான் போனார்கள். அதிகமும் பீகார், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள். 1997-ல் உப்ஹார் தியேட்டரில் 59 பேர் போன பிறகு இந்த ஊர் பார்த்த பெரிய தீ இதுதான்.

சுக்லா மாதிரி ஆட்களால் பலர் உயிரோடு வெளியே வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

#5 ஓய்வுபெற்ற 101 | காலை 11:20

வணக்கம். நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் தீயணைப்போராகச் சேர்ந்து முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவன். 31 வருட சர்வீஸ். இந்தத் தளத்தில் இத்தனை நாள் படிக்க மட்டும்தான் செய்தேன். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது.

2-ல் எழுதிய தம்பி கேட்டதில் தப்பில்லை. வேலைதான். சம்பளத்துக்குத்தான் போனோம். ஆனால் ஒன்று. புகை என்று நீங்கள் நினைப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. அடுப்புப் புகையில் கண் எரியும், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கும் ரெக்சினும் எரிகிற புகையில் உங்கள் கையை முகத்துக்கு நேராக நீட்டினால் கை தெரியாது. டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒரு முழத்திலேயே நின்றுவிடும். வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு முட்டி போட்டு நகர வேண்டும். சுவரை விட்டால் திரும்பி வர வழி தெரியாது. முதுகில் மூச்சுக்கருவி, பத்துப் பன்னிரண்டு கிலோ. அரை மணிக்கு வரும் என்று எழுதியிருக்கும். பயத்திலும் ஓட்டத்திலும் வேகமாக மூச்சு வாங்குவதால் இருபது நிமிஷம் வந்தாலே பெரிது. தீரப் போகும்போது விசில் அடிக்கும். அந்த விசிலைக் கேட்டதும் திரும்பிவிட வேண்டும், அதுதான் பாடம். காதில் விசில், கையில் ஒரு ஆளின் காலோ கையோ தட்டுப்படுகிறது. அப்போது என்ன செய்வாய் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பிடியும் ஆக்சிஜனைப் போல இருநூறு மடங்குக்கு மேல் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். அனாஜ் மண்டியில் நடந்தது அதுதான்.

அந்த 11 பேரைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது: சரி, ஒவ்வொரு தடவை அவர் வெளியே வந்தபோதும் வாசலில் ஆளை வாங்கிக்கொண்டது யார்? குழாயை மடங்காமல் பிடித்திருந்தது யார்? தனியாக யாரும் 11 பேரைத் தூக்க முடியாது. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

#6 ஆற்காட்டான் | காலை 11:34

ஐயா, நீங்கள் எழுத வந்ததே இந்த இழைக்குப் பெருமை. உங்களுக்கு ஏதும் விருது கிடைத்ததா? கேட்கலாம் அல்லவா?

#7 ஜன்னலோரம் | காலை 11:50

விருது என்றதும் ஒரு குழப்பம். அண்ணா பதக்கம் என்று ஜனவரியிலும் பேப்பரில் வருகிறது, செப்டம்பரிலும் வருகிறது. இரண்டும் ஒன்றா?

#8 ஓய்வுபெற்ற 101 | பிற்பகல் 12:25

இரண்டும் வேறு. வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் குடியரசு தினத்தன்று கடற்கரையில் முதலமைச்சர் கையால் கொடுப்பது. அது பொதுமக்களுக்கும் உண்டு, அரசு ஊழியருக்கும் உண்டு. செப்டம்பர் 15-க்கு அறிவிக்கும் அண்ணா பதக்கம் காவல், தீயணைப்பு, சிறை போன்ற சீருடைத் துறையினருக்கு. இது போக ஒன்றிய அரசு கொடுக்கும் வீரப் பதக்கம், ஜீவன் ரக்ஷா பதக்கம் எல்லாம் தனிக்கணக்கு.

ஆற்காட்டான் தம்பி, எனக்கு அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கலெக்டர் கையால் ஒரு பாராட்டுச் சான்றிதழ். அதற்கு ஒரு கதை இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

#9 சுண்ணாம்புக்காரை | பிற்பகல் 12:48

ஐயா சாப்பிட்டு வருவதற்குள் சென்னைக் கதை ஒன்று. நான் சிவில் எஞ்சினியர், பழைய கட்டடங்களில் வேலை.

சேப்பாக்கத்தில் எழிலகம் வளாகத்துக்குள் கலச மகால் இருக்கிறது. 1768-ல் ஆற்காட்டு நவாப் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி. (ஆற்காட்டான், உங்கள் ஊர் நவாப்தான்!) 2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை, நள்ளிரவு தாண்டி அங்கே தீப்பிடித்தது. அரசு அலுவலகங்கள் இருந்த கட்டடம், உள்ளே கட்டுக் கட்டாகக் கோப்புகள். அணைக்கப் போன தீயணைப்போர் மேல் கூரை இடிந்து விழுந்தது. அன்பழகன் என்ற தீயணைப்போர் இறந்துபோனார். கோட்டத் தீயணைப்பு அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் தீக்காயத்தோடு மீட்கப்பட்டார். அவர் நாட்டிலேயே தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர், 2003-ல் குரூப் 1 எழுதி வந்தவர். பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பவும் அதே துறைக்கு வேலைக்கு வந்தார். வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் ஐ.ஏ.எஸ். தகுதியும் கொடுத்தார்கள்.

கூரை ஏன் அப்படி விழுந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் இன்னும் அப்படிப்பட்ட வீட்டில் இருப்பீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்போம். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லை விளிம்பு நிமிர்த்திச் சாய்வாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு. வெயிலுக்கு இதைப் போலக் கூரை கிடையாது. ஆனால் அவ்வளவு பாரத்தையும் தாங்குவது மரம். மரம் கீழ்ப்பக்கம் எரிந்து மெலிந்துகொண்டே வரும், மேலே தளம் அசையாமல் நிற்கும். நாம் அடிக்கிற தண்ணீரைச் சுண்ணாம்பு குடித்துக்கொண்டு இன்னும் கனக்கும். கான்கிரீட் மாதிரி விரிசல் விட்டு எச்சரிக்காது. ஒரு கணம் இருக்கும், அடுத்த கணம் தரையில் கிடக்கும்.

#10 சந்தேகப்பேர்வழி | பிற்பகல் 1:15

இது எனக்கு உறுத்துகிறது. அது லீவு நாள், நடு ராத்திரி. எரிந்தது காகிதம். அதற்காக ஒரு மனிதன் சாக வேண்டுமா? வெளியே நின்றே தண்ணீர் அடித்திருக்கலாமே. வீரம் என்று பட்டம் கட்டிவிட்டால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

#11 மணிமேகலை கோவை | பிற்பகல் 1:22

முதல் தடவையாக உங்களோடு ஒத்துப்போகிறேன் :)

#12 சுண்ணாம்புக்காரை | பிற்பகல் 1:40

நல்ல கேள்வி. ஆனால் வெளியே நிற்பவனுக்கு உள்ளே யாருமில்லை என்று எப்படித் தெரியும்? அரசு வளாகம் என்றால் வாட்ச்மேன் இருப்பார், துப்புரவு ஆள் இருப்பார். அன்று உள்ளே என்ன நினைத்துப் போனார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று கவனியுங்கள். நான் மேலே எழுதியதில் பிரியா மேடத்தைப் பற்றி ஐந்து வரி, அன்பழகனைப் பற்றி ஒரு வரி. நான் வேண்டுமென்று செய்யவில்லை. தெரிந்ததே அவ்வளவுதான்.

#13 ஜன்னலோரம் | பிற்பகல் 1:52

மதுரையும் அப்படித்தான். 2020 தீபாவளி, விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக் கிடங்கில் தீ. பழைய கட்டடம் இடிந்து கிருஷ்ணமூர்த்தி, சிவராஜன் என்று இரண்டு தீயணைப்போர் போனார்கள். எனக்கு மதுரைதான் சொந்த ஊர். நானே தேடித்தான் பெயரைக் கண்டுபிடித்தேன்.

#14 ஓய்வுபெற்ற 101 | பிற்பகல் 2:35

மன்னிக்கவும், கண் அசந்துவிட்டது.

10-க்கு என் பதில்: நீங்கள் கேட்பதை நாங்களும் கேட்போம், டீக்கடையில். வெளியே நின்று அடித்தால் தண்ணீர் ஜன்னலோரம் விழும், தீ நடுவில் எரிந்துகொண்டிருக்கும். தீயின் அடியில் அடித்தால்தான் அணையும். எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது 'போச்சு, எல்லாரும் வெளியே வா' என்று கத்த வேண்டும், அதைத் தெரிந்தவர்தான் நல்ல நிலைய அலுவலர். வெளியே வா என்று கத்தியதற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. என் சர்வீஸில் ஒரு நிலைய அலுவலர் அப்படிக் கத்தித்தான் எங்கள் நான்கு பேரையும் காப்பாற்றினார், ஒரு பஞ்சு மில் கிடங்கில். மறுநாள் பேப்பரில் 'தீயை அணைக்கத் தாமதம்' என்று போட்டார்கள்.

இப்போது கிணற்றுக் கதை.

ஊர் வேண்டாம், கரூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாழுங்கிணறு, அறுபது அடி இருக்கும். ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது. எடுக்க இறங்கிய பையன் பாதியிலேயே மயங்கி விழுந்தான். அவனை எடுக்க இறங்கிய சித்தப்பனும் விழுந்தான். நாங்கள் போனபோது மூன்றாவது ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான். அவனைப் பிடித்து நிறுத்துவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வண்டியில் இருந்த மூச்சுக்கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஒரு அரிக்கேனைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். முக்கால்வாசி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. அடியில் விஷக் காற்று. வேப்பங்குழையைப் பெரிய கட்டாகக் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கினோம். பம்ப்பைப் போட்டுத் தண்ணீரைத் தூவலாக அடித்தோம். மறுபடி அரிக்கேனை விட்டோம், அணையவில்லை. நான் இறங்கினேன். நான்தான் எடை குறைவு, வேறு காரணம் இல்லை.

சேர் நாட் என்று ஒரு முடிச்சு. ஒரே கயிற்றில் இரண்டு வளையம் வரும், ஒன்று அக்குளுக்குக் கீழே, ஒன்று முழங்காலுக்குக் கீழே. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆள் மேலே வருவான். பையனுக்கு அதைப் போட என் கை நடுங்கியது. அவன் உதட்டோரம் நுரை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை. இரண்டு இழுப்பு கொடுத்தேன், மேலே தூக்கிவிட்டார்கள். அடுத்து சித்தப்பன், நல்ல கனம். அவரைத் தூக்கும்போது பாதியில் நின்றுவிட்டது. மேலே இருந்து கல் உதிர்கிறது. நான் கீழே, அவர் என் தலைக்கு மேலே. அந்த அரை நிமிஷம் இன்னும் சில ராத்திரி வரும்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். குட்டி பிழைக்கவில்லை.

குடியரசு தினத்தன்று கலெக்டர் சான்றிதழ் கொடுத்தார். லேமினேட் செய்து என் மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். விழா முடிந்து நிலையத்துக்கு வந்தால் பெருமாள் (வேறு பெயர் போட்டிருக்கிறேன்) உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். அவன் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. கயிறு நழுவியபோது விடாமல் பிடித்தவன் அவன். அதனால்தான் சித்தப்பன் பாதியில் நின்றார், என் தலையில் விழவில்லை. சான்றிதழில் அவன் பெயர் இல்லை. 'இறங்கியவர்' பெயரைத்தான் எழுதி அனுப்பினார்களாம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. 'லட்டு எங்கேடா?' என்றுதான் கேட்டான்.

#15 ஆற்காட்டான் | பிற்பகல் 2:51

இழையின் தலைப்பை மாற்றிவிட்டேன். முன்பு 'தீக்குள் முதலில் போனவருக்குப் பாராட்டு' என்று மட்டும் இருந்தது.

#16 கரோல்பாக் தமிழன் | பிற்பகல் 3:10

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் ஐயா.

#17 பிரியாணிப்பிரியன் | பிற்பகல் 3:14

ஆட்டுக்குட்டியை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

#18 நெறியாளர் | பிற்பகல் 3:20

17, இழைக்குத் தொடர்பாக எழுதவும். 2019 தீ பற்றி அரசியல் வாதமாக வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன், அவற்றுக்கு வேறு இழை இருக்கிறது.

#19 மணிமேகலை கோவை | மாலை 4:05

கரோல்பாக் அண்ணா சொன்ன ஜன்னல் கம்பிதான் மனதில் நிற்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் பால்கனி முழுக்கக் கம்பி அடைத்திருக்கிறோம், புறாவுக்கும் திருடனுக்கும் பயந்து. நானும்தான். 101 ஐயா, அதை எடுத்துவிட வேண்டுமா?

#20 ஓய்வுபெற்ற 101 | மாலை 4:30

எடுக்க வேண்டாம் அம்மா. ஒரு பக்கமாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யுங்கள். பூட்டுப் போட்டால் சாவி அதே சுவரில், கைக்கு எட்டுகிற ஆணியில் இருக்க வேண்டும். பீரோவில் அல்ல. மாடிப்படியில் பழைய சைக்கிள், செருப்பு அலமாரி, அட்டைப்பெட்டி வைக்காதீர்கள். மொட்டை மாடிக் கதவைப் பூட்டினால் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 2017-ல் கொடுங்கையூரில் பேக்கரி ஒன்று எரிந்தது. சிலிண்டர் வெடித்ததில் தீயணைப்போர் ஏகராஜ் இறந்தார். கூடி நின்ற பொதுமக்களும் நாற்பது பேருக்கு மேல் காயம்பட்டார்கள், சிலர் பிழைக்கவில்லை. எங்கள் வண்டி நிற்கிறது என்றால் போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே வராதீர்கள். தெருமுனையைக் காலி செய்து கொடுங்கள், அதுவே பெரிய உதவி.

#21 சந்தேகப்பேர்வழி | மாலை 5:12

101 ஐயா, காலையில் நான் கேட்டது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. கேள்வி கேள்விதான், அதை வாபஸ் வாங்கவில்லை. பதக்கம் கொடுப்பதைவிட மூச்சுக்கருவி ரிப்பேருக்குப் போனால் மாற்று ஒன்று வண்டியில் இருக்க வேண்டும், அதைத்தான் கேட்க வந்தேன். உங்கள் கதையிலேயே அது இருக்கிறது.

பெருமாள் இப்போது எங்கே?

#22 ஓய்வுபெற்ற 101 | மாலை 5:40

நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. அன்றைக்கு நாங்களும் அதைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

பெருமாள் எனக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டான். ஊரோடு இருக்கிறான். பேசி ரொம்ப நாளாயிற்று, நம்பர் இருக்கிறது.

#23 ஜன்னலோரம் | மாலை 5:44

போன் போடுங்கள் ஐயா. நல்ல நாளும் அதுவுமாக.

#24 ஓய்வுபெற்ற 101 | இரவு 8:15

போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினான். அதில் பாதி சர்க்கரை, மாத்திரை, மருமகள். இங்கே எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'அறுபது அடியெல்லாம் இல்லை, நாற்பத்தஞ்சுதான், நீ அப்பவே இப்படித்தான் ஏத்திச் சொல்லுவே' என்றான். கயிறு அன்றைக்கு நழுவவே இல்லையாம். பின்னால் நின்ற புதுப்பையன் பயந்து கையை விட்டுவிட்டானாம், அவன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். இத்தனை வருடம் கழித்து எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் கிணற்றை மூடிவிட்டார்களாம். மேலே ரேஷன் கடை இருக்கிறதாம்.